தார்திஃப் வீடு எது?

அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. ஆளின் சொந்தப் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி அது வரும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளைக்கு என்று இறங்கிக்கொண்டே போகும். பெண்கள் கல்யாணம் ஆகிற வரை அப்பா வீட்டுப் பெயரோடு இருந்துவிட்டு, பிறகு புருஷன் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். எந்த முப்பாட்டனுக்கு யார் எதற்காக அதை வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரொட்டி சுட்டவன் வம்சத்துக்கு ரொட்டிக்காரன் என்று அர்த்தம் வருகிற பெயர். இப்போது அந்த வீட்டில் மாவு பிசையத் தெரிந்தவர் யாரும் இல்லை. காட்டோரம் குடியிருந்தவன் வம்சத்துக்குக் காட்டோரத்தான். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடியில்.

தார்திஃப் என்றால் தாமதமானவன். மெல்ல வருகிறவன், வேளை தப்பி வருகிறவன் என்றும் சொல்லலாம். அந்த வம்சத்தின் முதல் ஆள் வேலைக்குப் பிந்தி வந்தானா, தாய் தகப்பனுக்கு வயதான காலத்தில் பிந்திப் பிறந்தானா, யார் கண்டது? பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு வம்சமும் அதற்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டது.

பெரிய தார்திஃப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை பார்த்தார். "இப்போது புறப்படும்" என்று அவர் சொல்லி முடிக்கையில் வண்டி பாலத்தைத் தாண்டியிருக்கும். அவருடைய மூத்த பிள்ளை தீயணைப்பு நிலையத்தில் வேலை கேட்டுப் போனான். அங்கிருந்த அதிகாரி பெயரைக் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தம்பி, ஆள் நல்லாத்தான் இருக்கே. ஆனா எரியுற வீட்டுக்காரங்க வண்டியில உன்னைப் பாத்தா நம்பிக்கையே போயிடுமேப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அவன் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக் காலத்தை ஓட்டினான். இரண்டாவது பெண். நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் வீட்டுப் பெயர் வந்ததும் தார்திஃப் போய்விட்டது. மூன்றாவது பையன் கப்பலில் இயந்திர அறை வேலைக்காரன். அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் பின்னாளில் ஊர் முழுக்க தார்திஃப் அம்மா என்று அறியப்பட்டவள்.

அவள் பிறந்த வீடு இதற்கு நேர் எதிர். அவளுடைய அப்பா நூல் ஆலையில் சங்கு ஊதுகிறவர். ஊர்க் கடிகாரங்களெல்லாம் அவர் கையைப் பார்த்துத்தான் ஓடின. சம்பந்தம் பேச வந்தபோது அவர் மகளைத் தனியே கூப்பிட்டார்.

"பேரைக் கேட்டியாம்மா? காலம் பூரா வாசல்ல நின்னு காத்துக்கிட்டிருக்கணுமே."

"நீங்க ஊதுறதுக்கு முன்னாடி எழுந்து எழுந்து எனக்கு அலுத்துப்போச்சுப்பா. கொஞ்சம் மெதுவா வாழ்ந்து பாக்கிறேனே."

அப்பா சரி என்றார். ஆனால் தன் மகள் கல்யாணத்தன்று தாமதம் என்ற பேச்சே வரக்கூடாது என்று ஒரு வேலை செய்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து பத்து மணிக்கு. மாப்பிள்ளை வீட்டாரிடம் எட்டு மணி என்று சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் தார்திஃப் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? சம்பந்தி சங்குக்காரர் ஆச்சே, ஒரு நாளாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்று இருட்டோடு எழுந்து, குளித்து, புதுத்துணி உடுத்தி, சரியாக எட்டு மணிக்கு வந்து நின்றார்கள். வம்சத்திலேயே முதல் தடவை. கதவு பூட்டிக் கிடந்தது. பெருக்குகிறவர் வந்து, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்று அவர்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். அப்புறம் தூறல் போட்டது. பெண் வீட்டார் வந்து இறங்கியபோது மாப்பிள்ளை ஈரச் சட்டையோடு தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு தடவை நேரத்துக்கு வந்தோம். அதுக்கும் மரியாதை இல்ல" என்றாள் மாமியார். "இனிமே ஜென்மத்துக்கும் வரமாட்டோம், பாத்துக்குங்க."

சொன்ன சொல்லை அந்தக் குடும்பம் காப்பாற்றியது.

கப்பலில் போகிறவன் எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவான். மழைக்கு முன்னால் என்பான். மழை பெய்து, தெரு காய்ந்து, வெயில் ஏறின பிறகு வருவான். முதலில் அவள் அழுதாள். அப்புறம் சண்டை போட்டாள். அப்புறம் மாமியார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். "அவன் சொல்றதோட ரெண்டு மாசம் சேத்துக்கோ. உன் மாமனாரோட நான் இப்படித்தான் ஓட்டினேன். அவருக்கு மாசமில்ல, மணி கணக்கு." சேர்த்துக்கொண்டதும் மனசு அடங்கிவிட்டது. அந்த இரண்டு மாதத்துக்குள் அவனை நினைத்துக் கவலைப்படக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அது கழிந்து ஒருநாள் அவள் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதோ, பக்கத்து வீட்டாரோடு வாயாடிக்கொண்டிருக்கும்போதோ, பின்னால் வந்து நிற்பான். உடம்பெல்லாம் இயந்திர எண்ணெய் வாசம்.

"எங்கே போயிருந்தீங்க இவ்ளோ நாளா?"

"பேரைக் காப்பாத்தணுமில்ல?"

"காப்பாத்தினது போதும். செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான் சண்டை. ஊரில் இருக்கிற நாட்களில் அவன் வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். குழாய், தையல் இயந்திரம், பக்கத்து வீட்டு மின்விசிறி. எல்லாவற்றையும் கடைசியில் சரியாக்கிவிடுவான். அவசரப்பட்டதே கிடையாது. அவளுக்கு அவனிடம் பிடித்ததே அதுதான். சங்குச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு, ஒரு மனிதன் இவ்வளவு நிதானமாகச் சிரிக்க முடியும் என்பதே அதிசயமாக இருந்தது.

கடைசியாக அவன் கிளம்பினபோது மகளுக்கு முன்பல் விழுந்திருந்தது. "இந்தப் பல்லு முளைக்கிறதுக்குள்ள வந்துடுறேன்" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

பல் முளைத்தது. அவள் வழக்கம்போல இரண்டு மாதத்தைச் சேர்த்துக்கொண்டாள். அதுவும் போனது. மாமனார் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இஸ்திரி போடுகிற மூத்தார், "இந்தத் தடவை பெரிய சாதனையா பண்ணப் பாக்கிறான் போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் ஒரு வாரம் தாண்டினதும் துறைமுகத்துக்கு ஓடியிருப்பார்கள். கப்பல் கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்கள். தார்திஃப் வீட்டில் அப்படிப் பதறுவது பழக்கமே இல்லை. "எங்க வீட்டுல வராதவன்னு ஒருத்தன் இதுவரைக்கும் இல்லம்மா. எல்லாரும் லேட்டாத்தான் வந்திருக்காங்க" என்று மாமியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

கடைசியில் அவள்தான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனாள். கம்பெனி கைமாறியிருந்தது. புது ஆட்கள். உள்ளே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் நல்ல மனிதர்தான். யார் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார். வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் பெட்டியோடு இறங்கினானாம். கப்பல் கிளம்பும்போது திரும்பி ஏறவில்லையாம். அந்தக் கப்பலில் அவனோடு வேலை பார்த்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்களாம்.

"உடனே வந்து கேட்டிருந்தா ஆளுங்களைப் பிடிச்சு விசாரிச்சிருக்கலாம். இவ்ளோ நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்றார் அவர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பெயர் அப்படி, அதனால் தேடவில்லை என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

அப்போதுதான் மெத்தைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய கொட்டகை. ஒரு பக்கம் பஞ்சு அடிக்கிற இயந்திரம், நடுவில் நீள நீளமான மேசைகள், ஜன்னலோரம் தையல் வேலை. ஓட்டல்களும் விடுதிகளும் மொத்தமாக மெத்தை கேட்டதால் வேலைக்குக் குறைவில்லை. அவளுக்குக் கோணி ஊசி கையில் வந்தால் போதும், ஓரம் கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடும். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. தைத்தவளே மெத்தை மேல் படுத்துப் புரண்டு பார்க்க வேண்டும். எங்கேயாவது பஞ்சு கட்டி நிற்கிறதா, முதுகில் உறுத்துகிறதா என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள்.

ஒருநாள் ஒரு விடுதியிலிருந்து நாலைந்து இரட்டை மெத்தைகள் திரும்பி வந்தன. எல்லாம் அவள் தைத்தவை. எல்லாவற்றிலும் வலது பாதியில் கட்டி. இடது பாதி வெண்ணெய் மாதிரி இருந்தது. முதலாளியம்மா ஒன்றும் புரியாமல் அவளை இன்னொரு மெத்தையில் படுத்துக் காட்டச் சொன்னாள். அவள் இடது ஓரமாகப் படுத்தாள். இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். நடுத் தையலைத் தாண்டவே இல்லை. எழுந்து, "சரியா இருக்கும்மா" என்றாள்.

பட்டறையில் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரிக்கு மட்டும் வரவில்லை. வாய்த்துடுக்கால் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். எதையும் குத்திச் சொல்லாமல் விடமாட்டாள். அன்றைக்கு அவள் எழுந்து வந்து, பேசாமல் வலது பாதியில் தானே படுத்துப் புரண்டாள். "இனிமே ரெட்டை மெத்தைன்னா என்னைக் கூப்பிடு. நீ உன் பக்கத்தைப் பாரு, நான் அந்தாளு பக்கத்தைப் பாத்துக்கிறேன்" என்றாள். அப்புறம் வழக்கம்போல, "உன் புருஷன் வந்து என்னைக் கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

மாமனார் போனார், மாமியார் போனாள். போகிறவரை மாமியார் வாசலைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். இஸ்திரி மூத்தாரும் ஒரு குளிர்காலத்தில் கண்ணை மூடினார். மகள் வளர்ந்து, பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அஞ்சலகத்தில் வேலை செய்கிற ஒரு பையனைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டாள். இப்படியாக, ஊரில் தார்திஃப் என்று சொன்னால் திரும்பிப் பார்க்க இவள் ஒருத்திதான் மிச்சம்.

பட்டறைக்குப் பஞ்சு மூட்டை கொண்டுவருகிற லாரிக்காரரைப் பஞ்சண்ணன் என்று கூப்பிடுவார்கள். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே வர முடியாத உயரம். அவருடைய குடும்பப் பெயர் பெத்தி. சின்னவன் என்று அர்த்தம். முதல் நாள் அவர் குனிந்து நுழைந்து பெயரைச் சொன்னபோது பட்டறை முழுக்கச் சிரித்தது. "எங்க முப்பாட்டன் சின்னவரா இருந்திருப்பாரு. அவருக்கும் சேத்து நான் வளந்துட்டேன்" என்றார். மனைவியை இழந்தவர். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார், ஆனால் இவள் மேசைக்கு வேண்டிய மூட்டையை மட்டும் அவரே தூக்கிவந்து, அவிழ்த்து, கல் தூசி பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஊசிக்காரி கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

"நாங்க எல்லாரும் அண்ணன்னு கூப்பிடுறோம். நீ மட்டும் 'இந்தாங்க', 'பாருங்க'ன்னு கூப்பிடுறியே, என்ன விஷயம்?"

"வாயில வரல, அவ்ளோதான்."

"வராது, வராது. எனக்கும் என் வீட்டுக்காரரைப் பாத்தப்போ அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வரல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நூலைப் பல்லால் கடித்தாள். ஆனால் ஊசிக்காரி சொன்னது உண்மை. அவருடைய லாரிச் சத்தம் அவளுக்குத் தெரியும். சொன்ன வேளைக்கு வருகிற லாரி. அந்தச் சத்தம் கேட்கும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிற்கும். உடனே அதை உட்காரச் சொல்லுவாள்.

ஒரு மத்தியானம் மூட்டைகளை இறக்கி முடித்ததும் அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை முன்னால் வந்து நின்றார்.

"தார்திஃப் அம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா இருந்தா இந்த ஊசியாலேயே குத்திடுங்க."

"கேளுங்க."

"என் மகன் இருக்கிற ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். அங்கேயும் லாரிதான். வீடு பாத்துட்டேன். தோட்டம் கொஞ்சம் இருக்கு. தனியாப் போறதா, ரெண்டு பேராப் போறதான்னுதான் தெரியல." தொப்பியைக் கை மாற்றிக்கொண்டார். "நீங்க வந்தா, கல்யாணம் பண்ணி, மரியாதையாக் கூட்டிட்டுப் போறேன்."

பட்டறையில் பஞ்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று. அவர் சொன்னது பக்கத்து மேசைக்குக்கூட எட்டவில்லை.

"எனக்குப் புருஷன் இருக்காருங்க" என்றாள்.

"தெரியும். அதனாலதான் இவ்ளோ வருஷம் கேக்கல" என்றார். "யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல. ஆனா ரொம்ப நாள் இல்ல."

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஈரக்கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "போம்மா. முதல்ல போ. அவர் ரொம்ப நல்லவரு."

"உங்கப்பா?"

மகளுக்கு முகம் மாறிவிட்டது. "அம்மா, நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்போ நீங்க எல்லாரும் சிரிச்சு சிரிச்சு என்னையும் சிரிக்க வெச்சீங்க. அப்பா லேட்டு, அப்பா லேட்டுன்னு. லேட்டு வேற, வராதது வேறம்மா. அவரு லேட்டு இல்ல. வரல."

"அப்படிச் சொல்லாதடி."

"வேற எப்படிச் சொல்லட்டும்? அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு ஆகல. அதான் கல்யாணம் ஆனதும் முதல் வேலையா மாத்திக்கிட்டேன்."

சண்டை பெரிதாகாமல் மாப்பிள்ளை வந்து, "முதல்ல அலுவலகத்துல என்ன வழின்னு கேட்டுட்டு வாங்களேன், அதுக்கப்புறம் அழலாம்" என்று சமாதானம் செய்துவைத்தான்.

அம்மாவும் மகளும் போனார்கள். அதே பதிவு அலுவலகம். குமாஸ்தா வயதில் சின்னவள், சுறுசுறுப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினாள். இத்தனை வருஷம் தகவல் இல்லாதவரை நீதிமன்றத்தில் சொல்லி, இல்லாதவர் என்று தீர்ப்பு வாங்கலாம். அப்புறம் கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை.

"அப்போ என் பேரு?"

"உங்க பேருக்கு என்ன? அது உங்க அப்பா வீட்டுப் பேரு. பொறந்ததுல இருந்து அதான் உங்க பேரு."

"இல்லம்மா, தார்திஃப்."

"அது உங்க வீட்டுக்காரர் பேரு. நீங்க உபயோகப்படுத்திக்கிறீங்க, அவ்ளோதான். கல்யாணம் ஆன பொம்பளைங்க புருஷன் பேரைப் போட்டுக்கிறது உபயோகத்துக்கு. சட்டப்படி அது உங்களோடது ஆகாது."

அவள் குமாஸ்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ காலம் நாந்தானே அதை வெச்சுக்கிட்டிருந்தேன்? அந்த வீட்டு ஆளுங்க எல்லாரும் போயிட்டாங்க. அப்படியும் எனக்குச் சொந்தமாகாதா?"

"பாத்திரமா அம்மா, யார் வெச்சிருக்காங்களோ அவங்களுக்குன்னு சொல்ல?" என்று குமாஸ்தா சிரித்தாள், பிறகு எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "நீங்க இப்படியே இருந்தா கடைசி வரைக்கும் அந்தப் பேரை உபயோகப்படுத்தலாம். யாரும் கேக்க முடியாது. ஆனா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் பழைய வீட்டுக்காரர் பேரைப் போட முடியாது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிவந்தாள்.

"குடிம்மா. பேருதானே, போனா போகட்டும்."

"உனக்குப் புரியலடி."

"புரியுற மாதிரி சொல்லு."

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி பேசினாள். இதுவரை யாரிடமும் சொல்லாத பேச்சு.

"நாம பழைய வீட்டைக் காலி பண்ணி ரெண்டு தடவை மாறியாச்சு. அவரு போறப்போ இருந்த தெருவே இப்போ இல்ல, இடிச்சுட்டு கடை கட்டிட்டாங்க. அவருக்குத் தெரிஞ்ச ஆளுங்க ஒருத்தரும் இல்ல. நாளைக்கே பேருந்து நிலையத்துல வந்து இறங்குறாருன்னு வையி. என்ன கேப்பாரு? 'தார்திஃப் வீடு எது?'ன்னு கேப்பாரு. இந்த ஊர்ல வீடு கேக்கிறவங்க அப்படித்தானே கேக்கிறாங்க? இன்னைக்குக் கேட்டா, 'மெத்தை தைக்கிற அம்மாவா? அந்தா, பச்சைக் கதவு, மணிக்குப் பக்கத்துல பேரு போட்டிருக்கும்'னு யாராவது கை காட்டுவாங்க. நான் பெத்தின்னு ஆகி ஊரைவிட்டுப் போயிட்டா? அவரு தெருத்தெருவாக் கேப்பாரு. அப்படி யாரும் இங்க இல்லையேம்பாங்க. திரும்பிப் போயிடுவாருடி."

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போலாமேம்மா."

"அவங்களும்தான் மாறிட்டே இருக்காங்க. பேருதான் மாறாம இருந்துச்சு. ஒரு தடவை தேடாம விட்டோம். தேடி வர்றவருக்கு வழியையும் அடைச்சுட்டுப் போகச் சொல்றியா?"

மகள் டீக் குவளையின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த லாரிக்காரரைப் பிடிக்குதாம்மா உனக்கு? உண்மையைச் சொல்லு."

அம்மா, "பிடிக்குது" என்றாள். சொன்னதும் குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "லாரிச் சத்தம் கேட்டா கை வேலையில நிக்கமாட்டேங்குது. இந்த வயசுல என்னடி இது."

மகள் எழுந்தாள். அம்மாவை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள். குமாஸ்தா முன்னால் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். திரும்பி வந்து அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் அது உபயோகத்துக்கு வந்த பேரு. எனக்குப் பொறப்புல வந்தது. கல்யாணம் பண்ணினாலும் போகாதாம். நான்தான் போடாம இருந்திருக்கேன். வேணும்னா நாளைக்கே திரும்பப் போட்டுக்கலாமாம்."

அம்மா புரியாமல் பார்த்தாள்.

"என் வீட்டு வாசல்ல நான் போட்டுக்கிறேம்மா. நான் இந்த ஊரைவிட்டுப் போகப்போறதில்ல. யாராவது வந்து தார்திஃப் வீடு எதுன்னு கேட்டா என் வீட்டைக் காட்டட்டும். நீ போ."

"உனக்குத்தான் அந்தப் பேரு ஆகாதே."

"ஆகாதுதான்" என்றாள் மகள். "அதுக்கு என்ன பண்றது? எனக்கும் அவரு அப்பாதானே." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீர்ப்பு வாங்கியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் நடந்தது. பட்டறையில் ஊசிக்காரி ஒரு இரட்டை மெத்தையைத் தானே தைத்து, இரண்டு பக்கமும் தானே புரண்டு பார்த்துக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தாள். "நடுவுல படுத்துப் பழகு" என்று காதோரம் சொன்னாள். புது ஊரில் அவளைப் பெத்தி அம்மா என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு நடந்துபோவாள். பக்கத்தில் வருகிறவர்தான் மெல்ல முழங்கையைத் தொட்டு, "நம்மளைத்தான்" என்பார். அவர் அவளை ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. அவளும் அவரைப் பட்டினி போடவில்லை, முகம் வாடவிடவில்லை. மாலையில் தோட்டத்தில் உட்கார்ந்து இருவரும் அவரவர் இழந்தவர்களைப் பற்றி, ஏதோ ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொள்வார்கள். அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். ஆனால் எந்தச் சிரிப்புக்கு நடுவிலும் ஒரு நொடி எதையோ கேட்கிறவள் போலக் கழுத்தைச் சாய்ப்பாள். அவர் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

இந்தப் பக்கம் மகள் வீட்டு வாசலில், மணிக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெயருக்குக் கீழே தார்திஃப் என்று எழுதிய சின்னத் தகடு ஏறியது. மாப்பிள்ளையே திருகாணி போட்டு முடுக்கினான். "இனிமே நான் வேலைக்கு லேட்டாப் போனா கேக்க முடியாது" என்று சிரிப்புக் காட்டினான். மகளும் சிரித்தாள். அம்மாவுக்காகச் செய்தது, அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடு இரண்டாவது மாடியில். படிக்கட்டு மரத்தால் ஆனது; யார் ஏறினாலும் உள்ளே கேட்கும். பால்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவுவார். மேல்வீட்டுக்காரி மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுவாள். இதெல்லாம் அவளுக்கு எப்போதிலிருந்து தெரிய ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பழக்கமில்லாத காலடி ஒன்று மெல்ல, அவசரமே இல்லாமல் ஏறி வருகிறது. அவர்கள் வாசலுக்கு நேராக வந்து நிற்கிறது. மணி அடிக்கவில்லை. யாரோ தகட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் கத்தி பலகை மேல் அப்படியே நின்றது. அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைக்கவில்லை, போய்க் கதவைத் திறக்கவும் இல்லை. மணிச் சத்தத்துக்காக நின்றுகொண்டிருந்தாள்.

காலடி திரும்பிற்று. மேல்மாடிக்கு ஏறிப் போயிற்று.

"யாரு?" என்று உள்ளிருந்து மாப்பிள்ளை கேட்டான்.

"யாருமில்ல. வீடு தேடி வந்தவங்க" என்றாள். வெங்காயத்தை மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். ஆனால் அடுப்பைத் திரும்பக் கூட்டவில்லை. படிக்கட்டுச் சத்தம் கேட்கட்டும் என்று அன்றைக்குச் சமையலைச் சின்னத் தீயிலேயே முடித்தாள்.